ஒரே தொட்டியில் ஆறும் கடலும்: வாசகர் கேள்வி பதில்

கே: மூன்றடித் தொட்டியின் நடுவே கண்ணாடி ஒட்டி, ஒரு பக்கம் நல்ல தண்ணீரில் கோல்டு ஃபிஷ், மறுபக்கம் கடல்நீரில் கிளவுன் ஃபிஷ் வளர்க்கலாமா? (வாசகர், கடலூர்)

ப: ஒட்டலாம். ஆனால் அது நடுச்சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு தொட்டிதான். ஃபில்டர், வலை, வாளி, மூடி எல்லாம் இரண்டு செட் வேண்டும். தடுப்புக் கண்ணாடி வெளிக் கண்ணாடி அளவுக்கே தடிமனாக இருக்கட்டும். ஒரு பக்கத்தை இறைக்கும்போது மறுபக்கத்துப் பாரம் முழுக்க அதன்மேல்தான் விழும். ஜன்னலுக்குப் பூசும் பூஞ்சைத் தடுப்பு சிலிகான் வேண்டாம், மீனுக்கு விஷம். மீன்தொட்டிக்கென்று விற்பதைப் பூசி ஒரு வாரம் காயவிடுங்கள்.

நீர்மட்டம் இரு பக்கமும் ஒன்றாக இருந்தாலும் கடல்நீர் கனம். 45 செ.மீ. ஆழத்தில், அதன் பக்கம் நீர்மட்டம் ஒரு செ.மீ. கூடுதலாக இருந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு அழுத்தும். அடிமூலையில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் போதும், உப்புநீர் நல்ல தண்ணீருக்குள் புகுந்து தரையோடு பரவும். மேலே நீந்தும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது. ஆர்.ஓ. தண்ணீரைச் சோதிக்க வாங்கிய டி.டி.எஸ். மீட்டரை (நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) வாரம் இரு முறை நல்ல தண்ணீர்ப் பக்கத்து அடிநீரில் வைத்துப் பாருங்கள். சில நாளில் நூற்றுக்கணக்கில் ஏறினால் கசிவுதான்.

என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். பாதித் தொட்டிக்கு 55 லிட்டர் தேறும். கோல்டு ஃபிஷ்ஷுக்கும் அது பற்றாது, கடல்மீனுக்குப் புதிதாக வருபவருக்கும் பற்றாது.

கே: தடுப்பே இல்லாமல் கீழே கடல்நீர், மேலே நல்ல தண்ணீர் நிற்கும் வீடியோ பார்த்தேன். நிஜமா? (வாசகி, மதுரை)

ப: நிஜம்தான். மெக்சிகோவின் யுகாத்தான் பகுதிக் குகைக் கிணறுகளில் இயற்கையாகவே அப்படி நிற்கிறது. வீட்டில் நிற்க வேண்டுமானால் ஃபில்டரையும் காற்றுக் குமிழியையும் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் கீழடுக்குக்குப் பிராணவாயு இறங்காது, கழிவு அங்கேயே அழுகும். கடல்நீரில் சாயம் கலந்து பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டலாம், மீன் விடக் கூடாது.

கே: பிச்சாவரம் மாதிரி இரண்டும் கலந்த நீரில் ஒரு தொட்டி வைத்தால்? (வாசகர், சிதம்பரம்)

ப: இதைத்தான் செய்ய வேண்டும். நன்னீர் மீனின் உடம்பில் வெளிநீரைவிட உப்பு அதிகம். நீர் தானாக உள்ளே ஏற, அது சிறுநீராகத் தள்ளிக்கொண்டே இருக்கும். கடல்மீனின் உடம்போ நீரை இழக்கும், கடல்நீரைக் குடித்து ஈடுகட்டும். முகத்துவார மீன்களுக்கு இரண்டு வித்தையும் தெரியும்.

100 லிட்டருக்கு ஆரஞ்சு குரோமைட் ஆறு போதும். கேரளத்தில் பொரிக்கிறார்களே கரிமீன், அதன் உறவுக்கார மீன்தான், 8 செ.மீ.க்கு மேல் அநேகமாக வளராது. ஸ்கேட், மோனோ என்று ரூபாய் நாணய அளவில் குட்டிகளைக் காட்டுவார்கள். ஒரு அடியை நெருங்கும் மீன்கள் அவை, ஆசைப்படாதீர்கள்.

நல்ல தண்ணீரின் அடர்த்தி 1.000, கடலுக்குச் சுமார் 1.025. உங்களுக்கு 1.005 போதும், 100 லிட்டருக்கு ஏறக்குறைய 750 கிராம் மரைன் சால்ட் (கடல்மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்புக் கலவை) பிடிக்கும். ஏற்கெனவே ஓடும் தொட்டி என்றால் ஒரே நாளில் கொட்டாதீர்கள். ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா செத்து அம்மோனியா ஏறும். உப்பு கலந்து பி.ஹெச். உயர்ந்த நீரில் அம்மோனியாவின் விஷம் இன்னும் கடுமை. வாரம் 250 கிராம் வீதம் மூன்று வாரத்தில் ஏற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் குளோரின் நீக்கிய நீரில் தனி வாளியில் கரைத்து, ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு ஒரு நாள் ஓடவிட்ட பிறகே ஊற்ற வேண்டும்.

பலரும் சறுக்குவது இதற்குப் பிறகுதான். வெயிலில் நீர் சுண்டும், உப்பு சுண்டாது. கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டு, குறைந்த அளவுக்கு வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். உப்பு சேர்ப்பது நீர் மாற்றும்போது மட்டும்: 20 லிட்டருக்கு 150 கிராம். அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரின் முள்ளில் குமிழி ஒட்டியிருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும், தட்டிவிட்டுப் படியுங்கள்.

கே: எங்கள் ஊர்க் கல்லுப்பையே போட்டால் என்ன? (வாசகர், தூத்துக்குடி)

ப: உப்பளத்தில் கடல்நீர் சுண்டும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலிலேயே படிந்துவிடும். மக்னீசியம் உப்புகள் கடைசியில் கசப்புநீரோடு போகும். இடையில் வாருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டும்; பி.ஹெச்.சைத் தாங்கிப் பிடிக்க அதில் ஒன்றுமில்லை. மோலி மீனுக்குக் கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் போட்டு ஓட்டலாம், அதற்கு மேல் நம்பாதீர்கள்.

கே: உப்புநீரில் செடி வளருமா? (வாசகி, நாகர்கோவில்)

ப: 1.005 வரை ஜாவா ஃபெர்ன் தாங்கும், கட்டையில் நூலால் கட்டிவிடுங்கள். சிதம்பரம்காரருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: பிச்சாவரம் காப்புக்காடு, அங்கே போய் அலையாத்தி நாற்றைப் பிடுங்கி வராதீர்கள்.