டீச்சர் பதில்கள்: நோட்டில் நூறு, பரீட்சையில் முப்பத்தெட்டு

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஏஐ பற்றித்தான். மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம். நான் கோவில்பட்டிப் பக்கம் 32 வருடம் கணக்கு நடத்தியவள். கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஆனால் இரண்டு வருடமாகப் பேத்தியோடு உட்கார்ந்து சாட்ஜிபிடியை நோண்டிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு. கணக்கு வீட்டுப்பாடத்தைப் போனில் படம் எடுத்து ஏஐக்கு அனுப்புகிறான். படிப்படியாக விடை வருகிறது, பார்த்து எழுதிவிடுகிறான். நோட்டில் எல்லாமே சரி. காலாண்டுத் தேர்வில் 38. கேட்டால், ‘எனக்குப் புரிஞ்சுதும்மா, பரீட்சையிலதான் வரல’ என்கிறான். போனைப் பிடுங்கி வைத்துவிடட்டுமா? — ஒரு தாய், கரூர்

அவன் பொய் சொல்லவில்லை அம்மா. அவனுக்குப் புரிந்த மாதிரிதான் இருந்திருக்கும்.

ஒரு கணக்கு பாருங்கள். ஒரு கூட்டுத்தொடர் வரிசையின் 7-ஆவது உறுப்பு –1, 16-ஆவது உறுப்பு 17. பொது உறுப்பு என்ன? இதில் கஷ்டமான இடம் ஒன்றே ஒன்றுதான். அந்த இரண்டு வாக்கியமும் இரண்டு சமன்பாடுகள் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டியதுதான்; 9d = 18, d (பொது வித்தியாசம்) = 2, a (முதல் உறுப்பு) = –13 என்று மடமடவென்று விழுந்துவிடும். உங்கள் பையனுக்குப் போன் செய்துகொடுப்பது அந்தக் கஷ்டமான இடத்தை. மிச்சமிருக்கும் கழித்தலைப் பார்த்து ‘ஆமாம், சரிதான்’ என்று தலையாட்டிவிட்டு, புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறான். பரீட்சை ஹாலில் அந்த முதல் வரியை எழுதித்தர யாரும் இல்லை.

துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய 1,000 பிள்ளைகளை வைத்து அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதையே சோதித்தார்கள். கணக்குப் பாடம்தான். ஒரு குழுவுக்கு ஏஐயை அப்படியே கொடுத்தார்கள். பயிற்சி நேரத்தில் அவர்கள் 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். அப்புறம் ஏஐ இல்லாமல் தேர்வு வைத்தார்கள். ஏஐயைத் தொடாத பிள்ளைகளைவிட இவர்கள் 17 சதவீதம் கீழே போனார்கள். இன்னொரு குழுவுக்கு, விடையைச் சொல்லாமல் துப்பு மட்டும் கொடுக்கிற மாதிரி அதை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்கு அந்தச் சரிவு அநேகமாக இல்லை. என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறொன்று. தாங்கள் கீழே போனது முதல் குழுவுக்குத் தெரியவே இல்லை. உங்கள் பையன் மாதிரியேதான்.

இதைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த அறையிலிருந்து என் வீட்டுக்காரர், அவரும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், ‘நன்னூல்ல இருக்கு’ என்று குரல் கொடுத்தார். அவருக்கு எல்லாமே நன்னூலில் இருக்கும். இந்த முறை நிஜமாகவே இருந்தது. ஆசான் சொன்னதை ஒழுங்காக வாங்கிக்கொண்டாலும் ‘காற்கூறு அல்லது பற்றலன் ஆகும்’ என்கிறார் பவணந்தி முனிவர். கால் பங்குதான் கையில் நிற்குமாம். கூடப் படிப்பவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மிச்சம் அரைப் பங்கு, அடுத்தவருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். ஏறக்குறைய எண்ணூறு வருடத்துக்கு முந்தைய கணக்கு இது.

ஆகவே போனைப் பிடுங்க வேண்டாம். தினம் ராத்திரி அவன் முடித்த கணக்கில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுங்கள். போன் அடுக்களையில் இருக்கட்டும். வெள்ளைத்தாளில் உங்களுக்கு அவன் விளக்க வேண்டும். உங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு வரிக்கும் ‘ஏன்ப்பா?’ என்று கேட்டால் போதும். எங்கே முழிக்கிறானோ அங்கே நிறுத்துங்கள். அப்போது மட்டும் போனை எடுக்கட்டும்: ‘விடை சொல்லாதே, இந்த வரிக்கு மட்டும் ஒரு துப்பு கொடு’ என்று கேட்கட்டும். கேட்டால் அது அப்படியே செய்யும். என் பேத்தி இன்னும் ஒரு படி மேலே போய், ‘நீ எட்டாம் வகுப்புப் பையன், நான் டீச்சர், புரியாவிட்டால் கேள்’ என்று அதையே மாணவனாக்கிவிட்டாள். அது கேட்ட ஒரு கேள்விக்கு இவளுக்குப் பதில் வரவில்லை. கோபத்தில் போனை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

கேள்வி: கால்குலேட்டர் வந்தபோதும் டீச்சர்கள் இப்படித்தானே பயமுறுத்தினீர்கள்? — ப்ளஸ் டூ மாணவன், சேலம்

ஆமாம் தம்பி, பயமுறுத்தினோம். கிளார்க்ஸ் டேபிள் என்ற அட்டவணைப் புத்தகத்தில் மடக்கை பார்த்துப் பெருக்கிய தலைமுறை நாங்கள். அது போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் கால்குலேட்டர் கையில் இருந்தாலும் எதைப் பெருக்க வேண்டும், எதை வகுக்க வேண்டும் என்று நீதான் முடிவு செய்ய வேண்டும். ஏஐ அந்த முடிவையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதே.

கேள்வி: மாணவர்களின் கட்டுரைகளை ‘ஏஐ கண்டுபிடிப்பான்’ மென்பொருளில் போட்டுப் பார்க்கச் சொல்கிறது எங்கள் கல்லூரி. முதல் தலைமுறைப் பட்டதாரிப் பெண் ஒருத்தியின் ஆங்கிலக் கட்டுரைக்கு ‘ஏஐ எழுதியது’ என்று வந்தது. அவள் அழுகிறாள். நம்புவதா, வேண்டாமா? — உதவிப் பேராசிரியர், திருச்சி

மென்பொருளை நம்பாதீர்கள். சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒன்றை வெளியிட்டது. ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தவறாகக் குற்றம் சாட்டியது. துல்லியம் போதாது என்று ஜூலையில் அவர்களே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதே வருடம் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியில்லாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளை ஏழு கண்டுபிடிப்பான்களில் போட்டார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை ‘ஏஐ எழுதியது’ என்று வந்தன. காரணம் எளிது. இந்தக் கருவிகள், அடுத்து என்ன சொல் வரும் என்று ஊகிக்க முடிகிற எழுத்தைச் சந்தேகப்படுகின்றன. தெரிந்த நாலு சொல்லை வைத்துக்கொண்டு தப்பில்லாமல் எழுத வேண்டும் என்று பயந்து பயந்து எழுதுகிற பிள்ளையின் ஆங்கிலம் வேறெப்படி இருக்கும்?

அந்தப் பெண்ணை உட்காரவைத்து, ‘மூன்றாவது பத்தியில் இந்த உதாரணம் ஏன் வைத்தாய்?’ என்று பத்து நிமிடம் பேசுங்கள். தெரிந்துவிடும். அறுபது பேரோடு பத்துப் பத்து நிமிடம் பேச நேரம் எங்கே என்பீர்கள். நியாயம்தான். அப்படியானால் அறுபது கட்டுரை கேட்பதைக் குறையுங்கள்.

கேள்வி: வெண்பா எழுதச் சொன்னால் ஏஐக்குத் தளை தட்டுகிறது. இல்லாத குறளை எண்ணோடு சொல்கிறது. இவ்வளவு தெரிந்ததற்கு இது தெரியாதா? — தமிழாசிரியை, தஞ்சாவூர்

இதை வீட்டுக்காரரிடம் தள்ளிவிட்டேன். அவர் மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து சொன்னது: ‘ஈற்றடியில் மூணு சீர் வைக்குது, கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்புன்னு முடியணும்னு மனப்பாடமாச் சொல்லுது, ஆனா எழுதும்போது கோட்டை விடுது.’ விதியை ஒப்பிக்கிறது, நடக்கத் தெரியவில்லை.

ஏன் என்று நான் சொல்கிறேன். அது நம்மைப் போல எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. எழுதியதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஓர் எண்ணாக மாற்றிக்கொள்கிறது. அந்தத் துண்டுகள் அது படித்த குவியலில் எது அடிக்கடி வந்தது என்பதைப் பொறுத்து அமைந்தவை. குவியலில் பெரும்பகுதி ஆங்கிலம். ஆகவே தமிழ்ச் சொல் கண்டபடி சிதறும். ஒரு ‘கி’யிலிருந்து கொக்கி தனியாகக் கழன்றுகூடப் போகும். நேர், நிரை என்ற அசைகள் அதன் காதில் எங்கே விழப்போகின்றன? புதிதாக வரும் ஏஐகள் தேறியிருக்கின்றன, ஆனாலும் தட்டுகிறது. குறள் விஷயமும் அப்படித்தான். அது 1330-ஐப் புரட்டிப் பார்த்துச் சொல்வதில்லை, குறள் மாதிரி ஒலிக்கும் ஒன்றைக் கோத்துக் கொடுக்கிறது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்தத் தப்பு வெண்பாவைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, எங்கே தளை தட்டுகிறது என்று ஒன்பதாம் வகுப்பைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். யாப்பு நடத்த இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

கேள்வி: மலைக்கிராமத்தில் ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். இனி எங்களுக்கு வேலை இருக்குமா? — இடைநிலை ஆசிரியர், கிருஷ்ணகிரி மாவட்டம்

1984-இல் பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளர் ஒரு கட்டுரை எழுதினார். ஒருவருக்கு ஒருவர் என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் ஒரு சராசரி மாணவன் சாதாரண வகுப்பில் 98 சதவீதம் பேரைத் தாண்டிவிடுவான் என்றார். அந்த எண் கொஞ்சம் பெரிது என்று பின்னால் வந்தவர்கள் குறைத்துவிட்டார்கள். அது இருக்கட்டும். ஏஐ ஆசிரியர் விற்கிறவர்கள் எல்லாரும் இந்தக் கட்டுரையைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். புளூம் சொன்னது பக்கத்தில் உட்கார்ந்த ஓர் ஆளை. பென்சிலைக் கடிக்கிற பிள்ளையை, பதில் தெரிந்தும் வாய் திறக்காத பிள்ளையை அந்த ஆள் பார்ப்பார். திரைக்கு அது தெரியாது.

உங்களுக்கு ஏஐ உதவும் இடம் வேறு. மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் தாள் நாலு விதமாக வேண்டும், உங்கள் ஊர்ச் சந்தை, ராகி, மாங்காய் வைத்துக் கதைக்கணக்கு வேண்டும் என்றால் ஐந்து நிமிடத்தில் கொடுக்கும். விடைகளை மட்டும் ஒரு தடவை நீங்களே போட்டுப் பாருங்கள். எனக்கு ஒருமுறை கடன் வாங்காமல் கழித்துக் கொடுத்தது.

கேள்வி: நான் ஏழாம் வகுப்பு. மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது? டீச்சரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது. ஏஐயிடம் கேட்கலாமா? — மாணவி, விருதுநகர்

கண்ணு, உன் கடிதத்தைப் பார்த்து எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம், இதே கேள்வியை ஒரு பெண் வகுப்பில் எழுந்து கேட்டாள். ‘அது ரூல், எழுதிக்கோ’ என்று உட்காரவைத்தேன். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கே அப்போது பதில் தெரியாது என்பதுதான் உண்மை. அந்தப் பெண் அதற்கப்புறம் வருடம் முழுக்க எதுவும் கேட்கவில்லை. ஏஐ சிரிக்காது, பத்துத் தடவை கேட்டாலும் முகம் சுளிக்காது. அந்த வகையில் அன்றைய என்னைவிட அது மேல்.

இப்போது இதைப் பார். –3 × 2 = –6. –3 × 1 = –3. –3 × 0 = 0. பெருக்கும் எண் ஒவ்வொன்றாகக் குறையக் குறைய விடை மூன்று மூன்றாக ஏறுகிறது. அடுத்தது –3 × –1. பூஜ்யத்துக்கு மேல் மூன்று ஏறினால் என்ன வரும்? நீயே எழுது.

ஏஐயிடம் கேட்கலாம், ஆனால் சாட்ஜிபிடிக்கு 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. அதனால் அம்மா அல்லது அப்பா போனில், அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள். அப்படியே நாளைக்கு இந்த நாலு வரியை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, ‘இது சரியா டீச்சர்?’ என்று உங்கள் டீச்சரிடம் போ. இடைவேளையில் போ. அவர் டீ குடித்து முடித்த பிறகு.