804 விசாவில் காத்திருக்கும் அப்பா அம்மாவுக்கு மெடிகேர் உண்டா? வைத்தியச் செலவுக்கு என்ன வழி?

கேள்வி: நானும் கணவரும் சிட்னியில் பெண்டில் ஹில்லில் இருக்கிறோம். இருவரும் ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்றவர்கள். தம்பி மெல்பர்னில். அப்பாவுக்கு 72, அம்மாவுக்கு 68, கும்பகோணத்தில் இருக்கிறார்கள். விசிட்டர் விசாவில் வரவழைத்து இங்கிருந்தே 804 முதியோர் பெற்றோர் விசாவுக்கு விண்ணப்பிக்க நினைக்கிறோம். அப்பாவுக்கு 18 வருடமாகச் சர்க்கரை, ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, கிரியேட்டினின் 1.8. அம்மாவுக்குச் சின்ன வயதில் டிபி வந்து குணமானது. ஊரிலேயே முழு உடல் பரிசோதனை செய்து ரிப்போர்ட்டை விண்ணப்பத்தோடு கொடுத்துவிட்டால் நல்லதா? பிரிட்ஜிங் விசா (முடிவு வரும்வரை இங்கே தங்கவிடும் இடைக்கால விசா) வந்ததும் மெடிகேர் (ஆஸ்திரேலிய அரசின் மருத்துவக் காப்பீடு) கிடைத்துவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: மெடிகேரிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் திட்டம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. கிடைக்காது. நண்பர்கள் பொய் சொல்லவில்லை. இங்கிருந்தபடி நிரந்தர விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும், ஆஸ்திரேலியரின் கணவனுக்கோ மனைவிக்கோ இடைக்கால மெடிகேர் கிடைப்பதுண்டு. அதைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். ஆனால் 1973-ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் பெற்றோர் விசாவுக்கு விண்ணப்பித்தவர்களை அந்தச் சலுகையிலிருந்து பெயர் சொல்லியே விலக்கி வைத்திருக்கிறது. பிரிட்டன், நியூசிலாந்து, அயர்லாந்து உள்ளிட்ட 11 நாடுகளோடு ஆஸ்திரேலியாவுக்குப் பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் இருக்கிறது. அந்த நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு அவசியமான சிகிச்சை மட்டும் கிடைக்கும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. விசா கையில் வரும் நாள்வரை அப்பா அம்மாவுக்கு மெடிகேர் கார்டு இல்லை என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

அந்த நாள் எப்போது வரும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். புதிதாகப் போடும் 804 விண்ணப்பத்துக்கு 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று உள்துறையே சொல்கிறது. விசாக் கட்டணத்தின் இரண்டாம் தவணையாக ஆளுக்கு 43,600 டாலர் கட்டும் 864 பங்களிப்பு முதியோர் பெற்றோர் விசாவுக்கும் 10 ஆண்டுகளுக்கு மேல் வரிசை. உங்கள் அப்பாவின் முறை வரும்போது அவர் நூறைத் தாண்டியிருக்க வேண்டும். அதனால் 804 என்பது நடைமுறையில் பிள்ளைகளோடு பிரிட்ஜிங் விசாவில் இங்கே வாழ்வதற்கான வழி. குடும்பங்கள் விசா மருத்துவப் பரிசோதனையில் தேறுவதைப் பற்றியே கவலைப்படுகின்றன. நடுவில் இருக்கும் இருபது, முப்பது வருடங்களுக்கு வைத்தியம் எப்படி என்பதை யாரும் முதலில் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

சரி, பரிசோதனைக்கு வருவோம். ஊரில் எடுக்கும் மாஸ்டர் ஹெல்த் செக்கப் விசாவுக்குச் செல்லாது. உள்துறை அங்கீகரித்த மருத்துவர்தான் செய்ய வேண்டும், அவர்கள் கொடுக்கும் எண்ணை வைத்துத்தான் செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவுக்குள் என்றால் உள்துறை நியமித்த மருத்துவ சேவை மையத்தில். உடல் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை இருக்கும். முடிவு பொதுவாக 12 மாதம்தான் செல்லும். ஆகவே அவர்கள் கேட்பதற்கு முன் அவசரப்பட்டுச் செய்தால் காசுதான் வீண். நடுவில் ஒருமுறை கேட்டுச் செய்திருந்தாலும், விசா முடிவாகும் கட்டத்தில் மறுபடி செய்ய வேண்டிவரும்.

விதிமுறையின் கடினமான பகுதி இனிதான். ஒருவரின் நோய் அரசுக்கு எவ்வளவு செலவு வைக்கும் என்று அரசு மருத்துவ அதிகாரி கணக்கிடுவார். அந்தத் தொகை 86,000 டாலரைத் தாண்டினால் தேர்ச்சி இல்லை (2024 ஜூலை முதல் இந்த வரம்பு, அதற்கு முன் 51,000). நிரந்தர விசாவுக்குப் பொதுவாக 5 ஆண்டுச் செலவைப் பார்ப்பார்கள். 75 வயது நிறைந்தவர்களுக்கு 3 ஆண்டு. "எல்லாச் செலவையும் நானே பார்த்துக்கொள்கிறேன், எழுதித் தருகிறேன்" என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. அது எடுபடாது. அதே நோய், அதே தீவிரத்தில் உள்ள ஒருவருக்கு என்ன செலவாகும் என்றுதான் சட்டம் கேட்கிறது. உங்கள் வங்கிக் கணக்கைக் கேட்பதில்லை. வேறு சில விசாக்களில் இருக்கும் விலக்குச் சலுகையும் பெற்றோர் விசாவில் இல்லை. தம்பதியில் ஒருவர் தவறினால் இருவர் விண்ணப்பமும் போய்விடும்.

சர்க்கரையும் பழைய ஸ்டென்ட்டும் கட்டுப்பாட்டில் இருந்தால் பொதுவாகப் பெரிய தடையாவதில்லை. அப்பாவின் சிறுநீரகம்தான் எனக்குக் கவலை, அதுவும் விசாவுக்காக மட்டுமல்ல. 72 வயது ஆணுக்குக் கிரியேட்டினின் 1.8 என்றால் சிறுநீரக வடிகட்டும் திறன் ஏறக்குறைய 40-க்குப் பக்கத்தில் இருக்கும். அது சிறுநீரக நோயின் மூன்றாம் நிலையில் பிற்பாதி. டயாலிசிஸ் என்று வந்துவிட்டால் செலவும் வரம்பைத் தாண்டும்; போதாக்குறைக்கு, இங்கே தட்டுப்பாடான சிகிச்சைகளில் ஒன்றாகவும் அது எண்ணப்படுகிறது. விமானம் ஏறுவதற்கு முன் ஊரில் ஒரு சிறுநீரக நிபுணரிடம் காட்டி, சிறுநீரில் ஆல்புமின் அளவு, ரத்த அழுத்த இலக்கு, எந்த வலி மாத்திரையைத் தொடக்கூடாது என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோபெனாக் போன்ற மாத்திரைகள் இந்தச் சிறுநீரகத்துக்குக் கெடுதல். இதை அப்பாவிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள்.

அம்மாவின் டிபி பழைய கதை என்றாலும் எக்ஸ்ரேயில் தழும்பு தெரியக்கூடும். தெரிந்தால் சளிப் பரிசோதனை கேட்பார்கள். கல்ச்சர் முடிவு வர 6 முதல் 8 வாரம் பிடிக்கும். பயப்பட ஒன்றுமில்லை, இப்போது நோய் இல்லை என்று உறுதியானால் போதும். அன்று எடுத்த எக்ஸ்ரே, சிகிச்சை முடித்த சீட்டு ஏதாவது பீரோவில் கிடந்தால் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். தழும்பு பழையது என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது. படிவத்தில் டிபி வந்ததா என்ற கேள்விக்கு "ஆம்" என்றே எழுதுங்கள். குணமான நோயைச் சொல்வதால் விசா போகாது. மறைத்தது தெரிந்தால் 3 ஆண்டுத் தடை வரலாம்.

இனி இன்ஷூரன்ஸ். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஊரில் வாங்கும் பயண இன்ஷூரன்ஸில் ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. வயது கூடினால் அறை வாடகைக்கும் அறுவை சிகிச்சைக்கும் உள்வரம்பு வைத்திருப்பார்கள். அது முதல் சில மாதத்துக்குத்தான் சரிப்படும். நீண்ட காலத்துக்கு வேண்டியது இங்குள்ள நிறுவனங்கள் வெளிநாட்டவருக்குத் தரும் ஓவர்சீஸ் விசிட்டர் ஹெல்த் கவர். அதில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதக் காத்திருப்பு. அது முடிந்தபின் அந்த நோய்க்கும் பணம் தருவார்கள். அப்பாவின் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் இந்த 12 மாதம்தான் ஆபத்தான இடைவெளி. அதனால் வந்திறங்கும் நாளிலிருந்தே பாலிசி ஓடத் தொடங்கட்டும். பிரிட்ஜிங் விசா வரட்டும், அப்புறம் எடுக்கலாம் என்று மூன்று நான்கு மாதம் தள்ளினால், இடைவெளியும் அவ்வளவு தூரம் தள்ளிப்போகும். நோய் கண்டுபிடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை; சேர்வதற்கு முந்தைய 6 மாதத்தில் அதன் அறிகுறி இருந்தது என்று நிறுவனத்தின் மருத்துவர் சொன்னாலே அது பழைய நோய்க் கணக்கில் போய்விடும்.

விலை மலிவாக இருக்கிறதே என்று வாங்கும் பாலிசிகளில் ஒரு பொறி இருக்கிறது. அரசு மருத்துவமனை மெடிகேர் இல்லாதவருக்குப் போடும் படுக்கைக் கட்டணம் தனி. நாளொன்றுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் போகும், ஐசியு என்றால் பல ஆயிரம். சில பாலிசிகள், மெடிகேர் ஒவ்வொரு சிகிச்சைக்கும் வைத்திருக்கும் அட்டவணைத் தொகையோடு நிறுத்திக்கொள்ளும். மீதி உங்கள் தலையில். ஆகவே இரண்டே கேள்வி கேளுங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்: "மெடிகேர் தகுதியில்லாத நோயாளிக்கு மாநில அரசு நிர்ணயித்த மருத்துவமனைக் கட்டணத்தை முழுவதும் தருவீர்களா? டயாலிசிஸ், இதய சிகிச்சை, கண்புரை, மூட்டு மாற்று இவற்றில் எது விலக்கு?" வேறு நிறுவனத்துக்கு மாறும்போது பாலிசி ஒரு நாள்கூட அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடித்த காத்திருப்பை ஏற்றுக்கொள்வார்களா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

நெஞ்சுவலி என்றால் யோசிக்காமல் 000 அழையுங்கள். மெடிகேர் இல்லை என்பதற்காக அவசரப் பிரிவில் திருப்பி அனுப்ப மாட்டார்கள். பில் பின்னால் வரும். ஆம்புலன்சுக்கும் பில் வரும், ஆகவே அதுவும் பாலிசியில் இருக்கிறதா பாருங்கள். பில்லைக் கட்டாமல் ஒதுக்கி மட்டும் வைக்காதீர்கள். அரசு மருத்துவமனைப் பாக்கி விசாவுக்கே இடைஞ்சலாகலாம். முடியவில்லை என்றால் மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் தவணை கேளுங்கள், பேசினால் கொடுப்பார்கள்.

மருந்து விஷயம் ஓரளவு நிம்மதி தரும். பயணத்தில் சொந்தத் தேவைக்கு 3 மாத மருந்து கொண்டுவரலாம், மருத்துவரின் ஆங்கிலச் சீட்டு கூட இருக்க வேண்டும். அந்தச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் அளவும் இருக்கட்டும். ஊரில் சர்க்கரைக்கு எழுதும் வோக்ளிபோஸ், டெனிலிக்ளிப்டின் போன்றவை இங்கே விற்பனையில் இல்லை. இரண்டு மூன்று மருந்தை ஒரே மாத்திரையில் சேர்த்த வகைகள் பலவும் அப்படியே கிடைக்காது. மூன்றாம் மாதம் டப்பா காலியானபின் தேடாமல், வந்த முதல் மாதமே ஒரு ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவரிடம்) காட்டி இங்கு கிடைக்கும் மருந்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மெட்பார்மின், அட்டார்வாஸ்டாட்டின் மாதிரி பழைய மருந்துகளுக்கு அரசு மானியம் இல்லாத முழு விலையே பெரும்பாலும் கைக்கு அடக்கமாகத்தான் இருக்கும்.

ஜி.பி.யை எப்போதும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் பக்கம் தமிழ் பேசும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அம்மா உடம்புக்கு என்ன என்பதை மகள் வாயால் இல்லாமல் தானே சொல்ல முடிவது பெரிய விஷயம்.

விசா பக்கம் சில எச்சரிக்கைகள். விசிட்டர் விசா கடிதத்தில் 8503 என்ற நிபந்தனை இருந்தால் இங்கிருந்து 804 போட முடியாது. கடிதம் வந்த அன்றே பாருங்கள். விசிட்டர் விசாப் படிவத்தில் வருகையின் நோக்கத்தைப் பொய்யாக எழுத வேண்டாம். ஒரு பதிவு பெற்ற குடியேற்ற முகவரிடம் உங்கள் நிலைமையைச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள். இன்னொன்று, பிரிட்ஜிங் ஏ விசாவோடு ஊருக்குக் கிளம்பினால் அது அதோடு முடிந்தது, அதை வைத்துத் திரும்ப வர முடியாது. கல்யாணமோ காரியமோ எதுவானாலும், வெளியே போய்த் திரும்பி வர அனுமதிக்கும் பிரிட்ஜிங் பி விசாவை முதலில் வாங்கிவிட்டுத்தான் டிக்கெட்.

ஊரில் உள்ள இன்ஷூரன்ஸை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். "அவர்கள்தான் இங்கே இருக்கிறார்களே" என்று புதுப்பிக்காமல் விட்டால், 75 வயதில் மறுபடி சேரும்போது பழைய நோய்க்கு 3 ஆண்டுவரை காத்திருக்க வேண்டிவரும், சேர்த்துக்கொள்வார்களா என்பதே சந்தேகம். முன்கூட்டித் திட்டமிடக்கூடிய அறுவை சிகிச்சை, கண்புரையோ முழங்காலோ, ஊரில் போய்ச் செய்துகொண்டு வருவதுதான் பல குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகிறது. எது இங்கே, எது அங்கே என்பதை அப்பா அம்மாவையும் உட்கார வைத்து இப்போதே பேசுங்கள். டயாலிசிஸ் தேவைப்பட்டால் எந்த ஊரில் என்பதையும் சேர்த்து. அப்பா கும்பகோணத்திலேயே இருக்கிறேன் என்று சொன்னால், விசிட்டர் விசாவில் வந்து போகும் ஏற்பாடும் தவறில்லை. 75 தாண்டியபின் அதற்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.