பேய்ப் பொம்மைப் படத்தின் இரண்டாம் பாகம் 'அனபெல் கிரியேஷன்' பார்க்கலாமா? நிறை, குறை என்ன?

முதல் பாகம் பிடிக்காததால் இதைப் பார்க்கத் தயக்கமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பாருங்கள். 2014-இல் வந்த முதல் படத்தை நானும் பாதியில் நிறுத்தியவன்தான். 2017-இல் வந்த இது வேறு இயக்குநர் கைவண்ணம். டேவிட் சாண்ட்பெர்க் எடுத்தது. இரண்டாவதாக வந்தாலும் கதை முதல் படத்துக்கு முந்தையது. பொம்மை செய்கிற ஒருவரும் அவர் மனைவியும் 1943-இல் சின்ன மகளை விபத்தில் பறிகொடுக்கிறார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து, ஆதரவற்ற சிறுமிகள் சிலர் ஒரு கன்னியாஸ்திரீயோடு அந்த வீட்டில் தங்க வருகிறார்கள்.

தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டில், மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் கிடந்தபோது, ஒரு ராத்திரி சித்தப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். படத்தில் லிண்டா என்ற சிறுமியிடம் ஒரு விளையாட்டுத் துப்பாக்கி இருக்கிறது. சுட்டால் நூல் கட்டிய பந்து பாயும். அதை இருட்டுக்குள் சுட்டுவிட்டு, நூலை மெல்ல இழுக்கிறாள். சித்தப்பா தன்னை மறந்து "கொத்துதுடா" என்றார். ராத்திரியில் தூண்டில் நரம்பை விரலில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம். அந்தப் பக்கம் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். படத்தின் முதல் பாதி முழுக்க இந்தப் பொறுமை இருக்கிறது. பொம்மை எழுந்து நடப்பதைக் காட்டுவதில்லை. ஓரிடத்தில் இருந்தது, அடுத்து பார்க்கும்போது வேறிடத்தில் இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று, ஜானிஸ். இளம்பிள்ளை வாதத்தால் கால் ஊனமான பிள்ளை, ஓட முடியாது. மாடிப்படியில் தண்டவாளம் மாதிரி ஒன்றில் ஓடும் நாற்காலியில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு தப்பிக்கப் பார்க்கிறாள். அது ஆமை வேகத்தில் இறங்குகிறது. பாதியில் நிற்கிறது. அப்புறம் தானாக மேலே ஏறத் தொடங்குகிறது. ரத்தம் இல்லை, கூச்சல் இல்லை, அந்த நாற்காலியின் வேகம்தான் பயம். லிண்டாவாக நடித்த லூலு வில்சனும் ஜானிஸாக நடித்த தலிதா பேட்மேனும் உண்மையான தோழிகள் போலவே இருக்கிறார்கள். அதனால்தான் ஒருத்தி மாறிப்போகும்போது மற்றவளுக்காக நமக்கு மனசு கனக்கிறது.

குறைகள் பிற்பாதியில். காட்டாமல் வைத்திருந்ததை எல்லாம் காட்டிவிடுகிறார்கள். பூதத்தின் முகம் தெளிவாகத் தெரிந்ததுமே எனக்குப் பயம் பாதியாகிவிட்டது. கொட்டகையில் சோளக்கொல்லை பொம்மை வரும் காட்சி இழுவை. வேறொரு படத்துக்கு விளம்பரமாக ஒரு புகைப்படத்தில் கன்னியாஸ்திரீ உருவத்தைச் செருகியிருப்பதும் தேவையில்லாதது.

ஆனால் என்னைப் பொறுத்தவரை பெரிய குறை இதெல்லாம் இல்லை. செத்துப்போன மகளை ஒருமுறையாவது பார்க்கவேண்டும் என்று அந்தத் தாயும் தகப்பனும் எந்தச் சக்தியிடமும் வேண்டத் தயாராகிறார்கள். ஏதோ ஒன்று மகள் மாதிரியே வந்து, பொம்மைக்குள் குடியேற அனுமதி கேட்கிறது. சரி என்று சொல்லிவிடுகிறார்கள். படத்தின் உயிரே இதுதான். எங்கள் கரையில் கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகள் உண்டு. உடலும் கிடைக்காத வீட்டில், வருடக்கணக்கில் ராத்திரி வாசல் கதவைத் தாழ்போடாமல் வைத்திருந்த ஒரு ஆத்தாவை எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவரிடம் யாராவது மகன் குரலில் "உள்ளே வரட்டுமா" என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பார்? ஒரு முழுப் படத்துக்கான விஷயத்தை, படுக்கையில் கிடக்கும் மனைவி கன்னியாஸ்திரீயிடம் சில நிமிடத்தில் சொல்லி முடிப்பதாக வைத்துவிட்டார்கள். சித்தப்பாகூட அந்த இடத்தில் "இதையல்லவா காட்டியிருக்கணும்" என்றார்.

முதல் பாகத்தை முன்கூட்டியே பார்க்கவேண்டிய அவசியம் இல்லை. இதன் கடைசிச் சில நிமிடங்கள் நேராக முதல் படத்தின் தொடக்கத்தில் போய்ச் சேர்கின்றன, விருப்பமிருந்தால் அதற்கப்புறம் அதைப் பார்த்துக்கொள்ளலாம். இதை மட்டும் பகலில் பார்க்காதீர்கள். படத்தில் பாதி இருட்டுதான், ஜன்னல் வெளிச்சம் பட்டால் திரையில் ஒன்றுமே தெரியாது.