ஜோடிக் கதையும் பெண்ணின் ஆசையும்: வாசகர் கேள்வி பதில்

என் 19 வயது மகள் ஒரு கொரியத் தொடரில் வரும் ஜோடியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். அவர்களை வைத்துக் கதையும் எழுதுகிறாள். அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் படித்தேன். முத்தம், படுக்கை எல்லாம் வருகிறது. கண்டிக்க வேண்டாமா?
– ஓர் அம்மா, சாட்ஸ்வர்த்

வேண்டாம் அம்மா. தெரியாமல் எடுத்துப் படிப்பதைத்தான் நிறுத்த வேண்டும். கைசர் சீஃப்ஸ் கால்பந்து அணி தோற்ற அன்று மகன் சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டால் யாரும் பதறுவதில்லை. மகள் ஒரு ஜோடிக்காக அழுதால் மட்டும் பதறுகிறோம். அவள் அழுகையில் ஆசையும் கலந்திருக்கிறது. நமக்கு உறுத்துவது அதுதான்.

இந்த உறுத்தல் பழையது. தலைவி தன் வேட்கையைத் தலைவன் முன்னால் வாய்விட்டுச் சொல்வதில்லை என்று தொல்காப்பியமே விதிக்கிறது. ஆனால் தோழியிடம் சொல்லலாம். குறுந்தொகை 27ஆம் பாட்டில் வெள்ளிவீதியாரின் தலைவி, தன் மேனியழகு கன்றும் குடிக்காமல் கலத்திலும் விழாமல் மண்ணில் சிந்திய பசும்பால்போல, தனக்கும் ஆகாமல் அவனுக்கும் உதவாமல் போகிறதே என்கிறாள். எழுதியவர் ஒரு பெண். உங்கள் மகளுக்கு அந்தக் கதைதான் தோழி. தன்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், காத்திருப்பு, தொடுகை, சம்மதம் எல்லாவற்றையும் அதில் சொல்லிப் பார்க்கலாம்.

தூக்கம் கெடுகிறதா, வகுப்புக்குப் போகாமல் இருக்கிறாளா, கடன் வாங்கிச் செலவழிக்கிறாளா என்று மட்டும் கவனியுங்கள். இவை இல்லையென்றால், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பகுதி பாருங்கள். "இவன் ஏன் இன்னும் சொல்லாமல் இருக்கிறான்?" என்று கேளுங்கள். மீதியை அவளே சொல்வாள்.

நான் எழுதிய ஜோடிக் கதையை இணையத்தில் வெளியிட ஆசை. சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயம்.
– வாசகி, ஃபீனிக்ஸ்

பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது பெயரும் தொலைபேசி எண்ணும்தான். புது மின்னஞ்சல் தொடங்குங்கள். இன்ஸ்டாகிராமில் வைத்திருக்கும் புனைபெயரைக் கதை வெளியிடும் தளத்தில் வைக்காதீர்கள். தொடர்புப் பட்டியலைக் கேட்கும் செயலிக்கு அனுமதி தராதீர்கள். தந்தால் அத்தையின் திரையில் "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று நீங்கள் வந்து நிற்பீர்கள்.

ரசிகர்கள் எழுதும் கதைகளுக்கான ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தில் அழைப்பு வந்த பிறகே கணக்கு திறக்க முடியும். கதையைக் கணக்கு உள்ளவர்கள் மட்டும் படிக்கும்படி பூட்டலாம். கதையின் குறிச்சொல்லில் இரு பாத்திரங்களின் பெயர்களுக்கு நடுவே சாய்கோடு போட்டால் காதல், '&' போட்டால் நட்பு. இதை மாற்றிப் போட்டுவிட்டுத்தான் பலர் திட்டு வாங்குகிறார்கள். படுக்கைக் காட்சி வெளிப்படையாக இருந்தால் அதற்கான தரக்குறியீட்டைப் போடுங்கள். 18 வயது நிரம்பாத பாத்திரங்களை அப்படி எழுதவே எழுதாதீர்கள்.

பிறகு மனம் மாறினால், கதையை அழிக்காமல் உங்கள் பெயரை மட்டும் நீக்கிவிட்டு அங்கேயே விட்டுவிடும் வசதி உண்டு. ஆனால் அப்படி விட்ட கதையைத் திரும்பப் பெற முடியாது. ஒருவர் ஏற்கெனவே தரவிறக்கிய பிரதியையும் உங்களால் ஒன்றும் செய்ய இயலாது.

ஒரு தொடரில் ஜோடியாக நடித்தவர்கள் நிஜத்திலும் காதலர்கள்தான் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சிலர் அடித்துச் சொல்கிறார்கள். நடிகரின் மனைவியைத் திட்டவும் செய்கிறார்கள். இது சரியா?
– வாசகி, பீட்டர்மரிட்ஸ்பர்க்

சரியே இல்லை. அகப்பாட்டில் எவரையும் சுட்டிப் பெயர் சொல்லக்கூடாது என்பதும் தொல்காப்பிய விதிதான். பாத்திரங்களை எப்படி வேண்டுமானாலும் சேர்த்துவையுங்கள்; நடித்தவர்களின் வீட்டு வாசலுக்குள் போகாதீர்கள். அந்த மனைவியும் ஒரு பெண், அவளுக்கும் ஆசை உண்டு. குழுவில் யார் அவளைத் திட்டினாலும் அந்தப் பதிவை அன்றைக்கே நீக்கச் சொல்லுங்கள்.