முகம் தெரியாத ஒருவர் தம் நோயைப் பற்றி இணையத்தில் எழுதும்போது நகைச்சுவையாகப் பதில் எழுதுவது பண்பா? ஆறுதல் சொல்லிவிட்டு நகர்வதுதானே முறை?

இந்தக் கேள்வியைக் கேட்டவர், யாரோ ஒருவருடைய நோய்ப் பதிவின் கீழே சிரிப்புப் பொம்மையோடு வந்த பதிலைக் கண்டு முகம் சுளித்தவராக இருக்க வேண்டும். அல்லது அப்படியொரு பதிலை எழுதிவிட்டு, ‘உனக்கு இரக்கமே இல்லையா’ என்று நாலு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவராகவும் இருக்கலாம். எவராயினும், ‘ஆறுதல் சொல்லிவிட்டு நகர்வது’ என்று நீங்கள் எழுதியிருக்கும் பகுதிதான் என்னை இந்தப் பதிலை எழுத வைத்தது. முகம் தெரியாதவர்களின் நகைச்சுவையால் எங்கள் வீட்டில் ஓரிரு முறை மனம் நொந்ததுண்டு. உயிருக்கே ஆபத்து வரப் பார்த்தது அவர்களுடைய ஆறுதலால்தான்.

நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். என் மனைவிக்கு நீண்ட நாள் நீரிழிவால் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், டயாலிசிஸ் நடக்கிறது. வெளியில் இருப்பவர்களின் கண்ணுக்குப் படுவது மெஷினும் ஊசியும்தான். அனுபவிப்பவர்களுக்குப் பெரிய தொல்லை தாகம். சிறுநீர் ஏறக்குறைய நின்றுவிட்டதால், குடிப்பதெல்லாம் அடுத்த டயாலிசிஸ் வரை உடம்பிலேயே தங்கிக் கால்களை வீங்க வைக்கும். அளவு மீறினால் நுரையீரலில் சேர்ந்து மூச்சை அடைக்கும். ஆகவே காபி, மோர், ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நாளைக்கு 750 மில்லி என்று மருத்துவர் வரையறுத்திருக்கிறார். சித்திரை மாதத்துத் திருச்சியில் 750 மில்லி என்றால் என்ன என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படியொரு சித்திரை இரவில், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் அவர்கள் வீட்டாரும் இருக்கும் ஃபேஸ்புக் குழு ஒன்றில் அவள் முதன்முதலாக எழுதினாள்: ‘தாகமாக இருக்கிறது. பக்கத்திலேயே பானை நிறையத் தண்ணீர் இருக்கிறது. தூக்கம் வரவில்லை.’ அவ்வளவுதான் பதிவு. விடிவதற்குள் பதில்கள் குவிந்துவிட்டன. பெரும்பாலானவை கைகூப்பிய பொம்மைகள். ‘ஐயோ பாவம்’, ‘கடவுள் கைவிட மாட்டார்’, ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்பவை அடுத்து வந்தவை. எழுதியவர்கள் நல்லவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அவற்றைப் படித்த பிறகு அவள் முகத்தில் இருந்த களைப்பு முன்பைவிடக் கூடியிருந்தது. அவளுக்கு எல்லாம் சரியாகிவிடாது என்பது அவளுக்குத் தெரியும். அப்படிச் சொல்கிறவர்களுக்கு நன்றி சொல்லும் வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது.

அவற்றுக்கு நடுவே மிகுந்த அன்போடு எழுதப்பட்ட நீண்ட பதில் ஒன்றும் இருந்தது. ‘அன்புச் சகோதரி’ என்று தொடங்கி, காலையில் வெறும் வயிற்றில் வாழைத்தண்டுச் சாறும் பகலில் இளநீரும் குடித்தால் சிறுநீரகம் மறுபடி வேலை செய்யத் தொடங்கும் என்றும், தம்முடைய மாமா இப்படித்தான் குணமானார் என்றும் அவர் எழுதியிருந்தார். அதை என் மாமியார் படிக்கச் சொல்லிக் கேட்டார். மறுநாள் காலையில் வாழைத்தண்டும் இளநீரும் வீட்டுக்கு வந்துவிட்டன. டம்ளர் கைக்கு வந்த பிறகு, எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று டயாலிசிஸ் டெக்னீஷியனுக்கு என் மனைவி போன் செய்தாள். அவர் போட்ட சத்தம் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

காரணம் எளியது. சிறுநீரகக் கல்லுக்கு ஊரில் சொல்லும் வைத்தியத்தைச் சிறுநீரகச் செயலிழப்புக்குச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு நோய்கள். வாழைத்தண்டிலும் இளநீரிலும் பொட்டாசியம் மிகுதி. நல்ல சிறுநீரகம் மிஞ்சிய பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். செயலிழந்த சிறுநீரகத்தால் அது முடியாது. இரத்தத்தில் ஏறக்குறைய 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டிய அந்த அளவு 6.5-ஐத் தாண்டினால், முன்னறிவிப்பு ஏதும் இல்லாமலே இதயத்துடிப்பு தடுமாறி நின்றுவிடக்கூடும். காய்கறிகளைக்கூட நறுக்கி ஊறவைத்து, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் எங்கள் வீட்டில் சமைக்கிறோம். நட்சத்திரப் பழத்தையும் இப்படித்தான் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அதிலுள்ள நஞ்சு, சிறுநீரகம் இயங்காதவர்களின் மூளையைத் தாக்கி, நிற்காத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோய்விடும். (சித்த மருத்துவத்தை இழிவுபடுத்துகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். முறையாகப் படித்த சித்த மருத்துவர், நோயாளியைப் பாராமல் இரவு பதினோரு மணிக்கு ஃபேஸ்புக்கில் மருந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டார்.)

அதே பதிவின் கீழே, நாமக்கல் பக்கத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் ஒருவர் எழுதியிருந்ததை நான் இரண்டாவதாகத்தான் படித்தேன்: ‘அக்கா, எனக்கு 700 மில்லிதான். நேற்று மழையில் மாட்டிக்கொண்டேன். நனைந்தால் அதுவும் கணக்கில் வந்துவிடுமோ என்று பயந்து ஓடி வந்தேன். இனிமேல் குளிக்கும்போதும் குடை பிடிக்கலாம் என்று இருக்கிறேன். ஐஸ்கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள், அரை மணி நேரம் தாங்கும்.’ என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஐஸ்கட்டி யோசனையும் உண்மையிலேயே பயன்பட்டது. மருத்துவரிடம் கேட்டபோது, அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டால் சரி என்றார்.

பிறகு அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு டயாலிசிஸுக்கு முன்னும் எடை பார்ப்பார்கள். தண்ணீர் எல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடைக்கு மேல் எவ்வளவு ஏறியிருக்கிறதோ, அவ்வளவையும் மெஷின் இழுக்க வேண்டும். அதிகம் இழுத்தால் கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும், இரத்த அழுத்தம் இறங்கும். எடை பார்க்கும் அந்த இடத்தை, லாரிகளை எடை போடும் இடம்போல, நாமக்கல் தம்பி எடைமேடை என்பார். ‘இன்று மூன்றரை கிலோ ஓவர்லோடு. அபராதம் அரை மணி நேரம் கூடுதல்’ என்று அவர் எழுதினால், இவள் ‘எனக்கு இரண்டு கிலோதான், பெர்மிட் சரியாக இருக்கிறது’ என்று பதில் எழுதுவாள். தண்ணீரைக் குறைக்கச் சொல்லி நானும் மருத்துவரும் சேர்ந்து கெஞ்சியபோது குறையாத எடை, அவரிடம் தோற்கக்கூடாது என்பதற்காகக் குறைந்தது.

டயாலிசிஸ் மெஷினை உருவாக்கிய வில்லெம் கோல்ஃப் என்ற டச்சு மருத்துவரைப் பற்றிய கதையையும் அவர்தான் சொன்னார். ஜெர்மானியரின் ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தில், 1943-இல், சாசேஜ் உறைக்குப் பயன்படும் செல்லோஃபேன் குழாயை மர உருளையில் சுற்றி அவர் அதைச் செய்தார். தொடக்கத்தில் அதில் சிகிச்சை பெற்றவர்களில் அநேகமாக எல்லாரும் இறந்துபோனார்கள். 1945-இல் முதன்முதலாக அதனால் காப்பாற்றப்பட்ட 67 வயதுப் பெண்மணி, நினைவு திரும்பியதும் சொன்ன முதல் சொல், ‘என் கணவனை விவாகரத்து செய்யப் போகிறேன்’ என்பதாம், அப்படியே செய்தும்விட்டாராம். ‘அக்கா, மெஷினிலிருந்து இறங்கியதும் மாமாவிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள்’ என்று அவர் முடித்திருந்தார். இன்றுவரை சிகிச்சை முடிந்து வெளியே வரும்போது என் மனைவி என்னை ஒரு பார்வை பார்ப்பாள். காரை எடுத்து வரும்வரை நான் வாய் திறப்பதில்லை.

இந்த இடத்தில் என்னை மறுப்பவர்கள் இருப்பார்கள். தமிழர்கள் இணையத்தில் எதையும் கேலியாக்கிவிடுவார்கள், இரக்கத்தைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள் என்று சொல்லி, 2019 மே 29-இல் தொடங்கிய நேசமணி கூத்தை எடுத்துக்காட்டுவார்கள். பாகிஸ்தானிலிருந்து நடத்தப்பட்ட ஒரு பொறியியல் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு ஏற்ற காண்டிராக்டர் நேசமணியின் தலையைப் பதம் பார்த்தது இதுதான் என்று தமிழர் ஒருவர் எழுத, இன்னொருவர் இப்போது அவர் நலமா என்று விசாரிக்க, 2001-இல் வெளிவந்த படத்தின் கற்பனைப் பாத்திரத்துக்காக ட்விட்டரே பிரார்த்தனையில் இறங்கியது. மறுநாள் பிரதமர் பதவியேற்பு. நாட்டில் வேறு வேலையே இல்லையா என்று அப்போது பலர் கோபித்துக்கொண்டார்கள். எனக்கு அதில் குறையேதும் தெரியவில்லை. உண்மையான நோயாளிகளுக்கு நாம் எழுதும் அதே சொற்களை, ஓர் எழுத்தும் மாற்றாமல், இல்லாத ஒருவருக்கு எழுத முடிந்தது என்பதுதான் அதன் வேடிக்கை. யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் ஆறுதல், என் மனைவியின் தாகத்துக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்?

அதற்காக எல்லா நகைச்சுவைக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. டயாலிசிஸ் நடுவிலேயே தம் கணவருக்கு இரத்த அழுத்தம் இறங்கி மயங்கிவிட்டார் என்று ஓர் அம்மா பதறிப்போய் எழுதியிருந்தார். நோயாளியோ நோயாளியின் வீட்டாரோ அல்லாத ஒரு பையன், அதன் கீழே மயங்கி விழும் சினிமா காமெடிக் காட்சி ஒன்றின் படத்தைப் போட்டான். எல்லோரும் திட்டியபோது, ‘நீங்கள் மட்டும் ஓவர்லோடு, அபராதம் என்று சிரித்துக்கொள்கிறீர்களே, எனக்கு மட்டும் தடையா’ என்று கேட்டான். கேட்பதற்கு நியாயம் போலத்தான் தோன்றும். ஆனால் நாமக்கல் தம்பி சிரித்தது தம் உடம்பைப் பார்த்து; தாமும் அதே எடைமேடையில் ஏறி நிற்பவர் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் என் மனைவியைச் சிரிக்கவைத்தார். இந்தப் பையனோ அந்த அம்மா எழுதியதில் ‘மயங்கிவிட்டார்’ என்ற ஒரு சொல்லை மட்டும் படித்து, அதற்குத் தோதான படத்தைத் தேடி எடுத்திருந்தான். அவனுக்கும் கைகூப்பிய பொம்மை போட்டவர்களுக்கும் பெரிய வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இருவருமே பதிவைப் படிக்கவில்லை.

எப்போது சிரிக்கக்கூடாது என்பதும் அந்தக் குழுவினருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்திருப்பார்கள், ஃபிஸ்டுலா என்பார்கள். அதன்மேல் விரலை வைத்தால் கிர்ரென்று அதிர்வு தெரியும். காலையில் எழுந்ததும் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது இவர்களுடைய முதல் வேலை; அதிர்வு நின்றிருந்தால் அடைத்துக்கொண்டது என்று பொருள். ஒருநாள் காலையில் அந்தத் தம்பி, ‘கையில் சத்தம் இல்லை’ என்று மட்டும் எழுதினார். யாரும் சுத்தியலையும் எடுக்கவில்லை, எடைமேடையையும் எடுக்கவில்லை. அடைப்பு புதிதாக இருக்கும்போதே போனால் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம், உங்கள் முறை வரும்வரை காத்திருக்காதீர்கள் என்று ஒருவர் எழுதினார். சேலத்தில் எங்கே இரத்தக்குழாய் அறுவை மருத்துவர் இருக்கிறார் என்று இன்னொருவர் தெரிவித்தார். என் மனைவி கேட்டது ஒன்றுதான்: ‘கூட யார் வருகிறார்கள்?’ யாரும் வரவில்லை என்று தெரிந்ததும், சேலத்துக்காரர் ஒருவர் மருத்துவமனை வாசலுக்கே போய் நின்றார். டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் போடப்பட்ட நிலையில் மாலையில் அந்தத் தம்பியே எழுதினார்: ‘கை ரோடு பிளாக். வண்டி கழுத்து பைபாஸில் போகிறது.’ அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மனைவி சிகிச்சை பெறும் மருத்துவமனை, ஒவ்வொரு முறையும் பில் கட்டிய ஐந்தாவது நிமிடத்தில், ‘தாங்கள் விரைவில் பூரண நலம் பெற வாழ்த்துகிறோம்’ என்று குறுஞ்செய்தி அனுப்புகிறது. பூரண நலம் பெறுகிற நோய் இதுவல்ல என்பதை அவர்களைவிட அறிந்தவர்கள் யார்? அந்தச் செய்திக்குப் பதிலாக, கூட வருபவர்கள் நான்கு மணி நேரம் உட்காருவதற்கு முதுகு சாயும் நாற்காலி நாலு போட்டிருந்தால், அதை நான் ஆறுதல் என்று ஒப்புக்கொண்டிருப்பேன். எழுதிக் கொடுத்தேன், கருத்துக்கு நன்றி என்று அதற்கும் ஒரு குறுஞ்செய்தி வந்தது.

நான் மருத்துவன் அல்லன். எங்கள் வீட்டுக்குப் பொருந்தியது எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லவும் மாட்டேன். நகைச்சுவையே பிடிக்காத நோயாளிகள் இருக்கிறார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான்: எழுதியவர் தம் நிலையைப் பற்றித் தாமே ஒரு சிரிப்புக்கு இடம் வைத்திருந்தால் தாராளமாகச் சேர்ந்து சிரியுங்கள், வைக்கவில்லையென்றால், அவர் எழுதியதை முழுவதும் படித்துவிட்டு, அவரால் விடை சொல்லக்கூடிய ஒரு கேள்வியைக் கேளுங்கள். நகர்ந்துபோவதற்காக ஆறுதல் சொல்வதாக இருந்தால், சொல்லாமலே நகரலாம்.

இதற்குக் கீழே வாழைத்தண்டு என்று எழுதுகிறவர்களுக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. என் மாமியார் எழுதக்கூடும். அவர் இப்போது அந்தக் குழுவில் மருந்துக் குறிப்புகளை நீக்குபவர்களில் ஒருவர்.