சோக்கைத் திறந்தால் நின்றுபோகும் ஜெனரேட்டர்: கார்புரேட்டரில் எதைச் சுத்தம் செய்ய வேண்டும்?

கேள்வி: எங்கள் கையடக்கப் பெட்ரோல் ஜெனரேட்டர் 8 மாதங்களாக ஓடாமல் கிடந்தது. பழைய பெட்ரோலை இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றினேன். சோக்கை (காற்று வரும் வழியைக் குறைக்கும் தட்டு) பாதி மூடி வைத்தால் சீராக ஓடுகிறது. முழுவதும் திறந்தால் வேகம் ஏறி இறங்கி, சில நேரம் நின்றும் விடுகிறது. லோடு கொடுத்தால் (மின்சாதனங்களை இணைத்தால்) மட்டும் ஓரளவு நிதானத்துக்கு வருகிறது. கார்புரேட்டர் கிளீனரை வாய்ப்பகுதியில் அடித்துப் பார்த்தும் பயனில்லை. கவர்னர் ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்யலாமா?

பதில்: இஞ்சின் வேகத்தைச் சீராக வைத்திருக்கும் கவர்னரின் ஸ்க்ரூவைத் தயவுசெய்து தொடாதீர்கள். கோளாறு அங்கே இல்லை. லோடு கொடுத்தால் நிதானத்துக்கு வருகிறது என்று நீங்கள் கவனித்திருப்பதே இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது: அடைபட்டிருப்பது பெரும்பாலும் பைலட் ஜெட், அதாவது கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் இரண்டு துளைத் துண்டுகளில் சிறியது.

லோடு இல்லாமல் ஓடும்போது இஞ்சினுக்குள் போகும் கலவையைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தட்டு ஏறக்குறைய மூடியே இருக்கும். அந்த நிலையில் இஞ்சினுக்குத் தேவையான பெட்ரோலில் பெரும்பங்கு பைலட் ஜெட் வழியாக வருகிறது. அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. லோடு ஏறி, கவர்னர் த்ராட்டிலைத் திறந்த பிறகே பெரிய துண்டான மெயின் ஜெட் முழு வேலைக்கு வருகிறது. பைலட் ஜெட் அடைபட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து வேகம் விழும்; வேகம் விழுந்ததும் கவர்னர் த்ராட்டிலைத் திறக்கும்; உடனே மெயின் ஜெட் பெட்ரோல் கொடுக்க வேகம் ஏறும்; ஏறியதும் கவர்னர் மூடும்; மறுபடியும் பட்டினி. நீங்கள் கேட்கும் ஏற்ற இறக்கச் சத்தம் இதுதான். சோக்கைப் பாதி மூடினால் காற்று குறைந்து உறிஞ்சும் விசை கூடுவதால், எஞ்சியிருக்கும் வழியிலேயே கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் வந்துவிடுகிறது. கவர்னர் தன் கடமையைச் சரியாகவே செய்கிறது. அதன் ஸ்க்ரூவைத் திருப்பினால் இந்தச் சத்தம் சற்று அடங்கலாம். ஆனால் இஞ்சினின் வேகமும், அதோடு மின்னழுத்தமும் அலைவெண்ணும் மாறி, அதில் இணைக்கும் சாதனங்கள் பழுதாகலாம்.

அடைப்பு உருவாகும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் பவுல் வெளிக்காற்றோடு தொடர்புடையது. அதில் தேங்குவதும் கொஞ்சம் பெட்ரோல்தான். எனவே டேங்கில் உள்ளதைவிட அங்கே உள்ளது விரைவில் கெடும். எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துபோக, மிச்சம் பிசினாகிப் பித்தளை ஜெட்டுகளின் துளைகளில் உறைகிறது. எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். நீர் பிரிந்து பவுலின் அடியில் தங்கும்போது அலுமினியத்தில் வெண்பொடியும் பித்தளையில் பச்சைக் களிம்பும் பிடிக்கும். டேங்கில் புதிய பெட்ரோலை ஊற்றுவதால் இந்தப் பிசின் கரைந்துவிடாது. வாய்ப்பகுதியில் அடித்த கிளீனரும் காற்றுப் பாதையைக் கழுவிக்கொண்டு இஞ்சினுக்குள் போயிருக்குமே தவிர, பக்கவாட்டில் ஒளிந்திருக்கும் பைலட் துளையை எட்டியிருக்காது. ஜெட்டை வெளியே எடுக்காமல் செய்யும் எதையும் நான் கார்புரேட்டர் சுத்தம் என்று சொல்ல மாட்டேன்.

கழற்றுவதற்கு முன் சில நிமிடங்கள் மற்றவற்றையும் பாருங்கள். ஏர் ஃபில்டர் அடைபடாமல் இருக்கிறதா, டேங்க் மூடியின் காற்றுத் துளை திறந்திருக்கிறதா, பெட்ரோல் காக்கை (டேங்கிலிருந்து பெட்ரோல் வருவதைத் திறந்து மூடும் திருகு) திறந்து குழாயைக் கழற்றிப் பிடித்தால் பெட்ரோல் தடையின்றி ஒழுகுகிறதா என்று சோதித்துவிட்டால் வீணாகக் கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டியிருக்காது. ஆயில் குச்சியையும் எடுத்து முகர்ந்து பாருங்கள். ஆயில் அளவு கூடியிருந்து பெட்ரோல் வாசனையும் வந்தால், பவுலுக்குள் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஃப்ளோட் நீடில் ஒழுகி இஞ்சினுக்குள் பெட்ரோல் இறங்கியிருக்கிறது என்று பொருள். அப்படியானால் ஆயிலை மாற்றாமல் இஞ்சினை இயக்கவே கூடாது.

இனி வேலைக்கு வருவோம். இஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிளக் கேப்பைக் கழற்றிவிடுங்கள், திறந்தவெளியில், சுற்றிலும் நெருப்போ தீப்பொறியோ இல்லாத இடத்தில் உட்காருங்கள், கண்ணாடி அணியுங்கள். நுண்துளையில் அடிக்கும் கிளீனர் எதிர்ப்பக்கம் எங்கிருந்து பீறிடும் என்று கணிக்க முடியாது, பெரும்பாலும் அது முகத்தை நோக்கித்தான் வரும். பெட்ரோல் காக்கை மூடி, பவுலின் அடியில் உள்ள வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, உள்ளிருப்பதை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பிடியுங்கள். அடியில் நீர் முத்துக்களாக உருண்டு நின்றாலோ துருத்தூள் படிந்தாலோ, டேங்கையும் காக்கின் வடிகட்டிக் கிண்ணத்தையும் சேர்த்துக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் இன்று செய்யும் வேலை சில நாட்களில் மறுபடியும் வந்து நிற்கும்.

ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்ததும், எதையும் கழற்றுமுன் கவர்னர் கம்பியும் அதனுடன் இருக்கும் மெல்லிய ஸ்பிரிங்கும் எந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டரை அதைத் தாங்கும் ஸ்டட்டுகளிலிருந்து (மறையிட்ட கம்பிகள்) வெளியே இழுத்து, சற்றுச் சாய்த்து, கம்பியைத் துளையிலிருந்து நழுவவிட வேண்டும். கம்பியை வளைத்து எடுப்பது கவர்னரின் அளவையே மாற்றிவிடும். கார்புரேட்டருக்கும் இஞ்சினுக்கும் இடையே ஒரு கருப்பு இன்சுலேட்டரும் அதன் இருபுறமும் கேஸ்கெட்டுகளும் இருக்கும். ஒவ்வொன்றின் வடிவமும் வேறு. எது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதையும் குறித்துவையுங்கள். திருப்பி மாட்டினால் உள்துளை அடைபடும் அல்லது காற்று கசியும். கசிந்தால் இதே ஏற்ற இறக்கம் திரும்ப வரும்.

பவுலைக் கழற்றினால் (சில மாடல்களில் அதன் போல்ட் இடத்தில் மின் வால்வு இருக்கும், முதலில் அதன் வயரைப் பிரியுங்கள்) ஃப்ளோட் தெரியும். அதன் பின்னை உருவி ஃப்ளோட்டையும் நீடிலையும் சேர்த்து எடுங்கள். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பினால் அது தேறாது. நீடில் முனையில் வளையம் போன்ற தேய்மானப் பள்ளம் இருந்தாலும் மாற்றுங்கள். நடுத்தூணில் இருக்கும் மெயின் ஜெட்டைச் சரியான அகலமுள்ள ஸ்க்ரூடிரைவரால் மட்டும் திருகுங்கள். பித்தளை மென்மையானது, பொருந்தாத முனை அதன் தலையைச் சிதைத்துவிட்டால் பிறகு எடுப்பது பெரும்பாடு. ஜெட் வந்ததும் அதன் மேலிருக்கும் பக்கத்துளைகள் கொண்ட குழாயையும் தட்டி வெளியே எடுங்கள். பலர் இதை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து, உங்கள் தொல்லையின் மூலம். பொதுவான பல ஜெனரேட்டர் இஞ்சின்களில் பைலட் ஜெட் கார்புரேட்டரின் மேற்புறத்தில், த்ராட்டிலை நிறுத்தும் ஸ்க்ரூவின் அடியில், கருப்பு பிளாஸ்டிக் தலையோடு செருகப்பட்டிருக்கும். அந்த ஸ்க்ரூவை எத்தனை சுற்றில் கழற்றினீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பைலட் ஜெட் திருகி மாட்டப்பட்டதல்ல. சிறிய ஓ-ரிங்கின் பிடியில் நிற்கிறது. மெல்லிய ஸ்க்ரூடிரைவரை இரு பக்கமும் மாற்றி மாற்றிக் கொடுத்து நெம்பினால் மெதுவாக எழும்பி வரும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். நல்ல ஜெட்டில் ஊசிமுனையளவு ஒளிப்புள்ளி முழு வட்டமாகத் தெரியும். அடைபட்டதில் ஒன்றுமே தெரியாது, அல்லது பிறைபோல ஒரு கீற்று மட்டும் தெரியும்.

ஜெட்டுகளைக் கார்புரேட்டர் கிளீனரில் ஊறவிட்டு, மின்வயரில் இருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையைத் துளையில் மெல்ல நுழைத்து எடுங்கள். எஃகு ஊசி, துளையிடும் பிட் போன்றவை கூடவே கூடாது. துளை ஒரு மயிரிழை அகன்றாலும் பெட்ரோல் அளவு மாறி, கரும்புகை தொடங்கிவிடும். பிறகு அந்த ஜெட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ரப்பர் பொருட்கள், ஃப்ளோட், கேஸ்கெட் இவை எல்லாவற்றையும் அகற்றிய பிறகே கார்புரேட்டர் உடலுக்குக் கிளீனர் அடியுங்கள். ஒவ்வொரு துளையிலும் குழல்முனையை வைத்து அடித்து, மறுமுனையில் தாரையாக வெளிவருகிறதா என்று கண்ணால் பாருங்கள். த்ராட்டில் தட்டின் விளிம்பருகே வரிசையாக இருக்கும் நுண்துளைகள் பைலட் பாதையின் முடிவிடம். அங்கே தாரை வந்தால் வேலை முடிந்தது, வராவிட்டால் இன்னும் முடியவில்லை. கடைசியில் குறைந்த அழுத்தக் காற்றால் ஊதி உலர்த்துங்கள்.

மாட்டும்போது பவுலின் ஓ-ரிங் பலரைத் திகைக்க வைக்கும். பெட்ரோலில் ஊறிய ரப்பர் உப்பி, தன் பள்ளத்தில் உட்காராமல் வெளியே பிதுங்கும். வலிந்து திணித்தால் நசுங்கி ஒழுகும். சில மணி நேரம் காற்றில் உலரவிட்டால் பெரும்பாலும் பழைய அளவுக்குச் சுருங்கும். சுருங்காவிட்டால் புதிது போடுங்கள். எல்லாம் மாட்டியதும் த்ராட்டில் கையால் தள்ளும்போது எங்கும் உரசாமல் சென்று திரும்புகிறதா என்று பாருங்கள். இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர்களில் த்ராட்டிலைச் சிறு மோட்டார் இயக்குவதால் அதைக் கையால் முறுக்காதீர்கள். பிறகு பெட்ரோல் காக்கைத் திறந்து, இஞ்சினை இயக்காமல் 10 நிமிடம் காத்திருங்கள். பவுல் ஓரத்திலோ ஏர் ஃபில்டர் பக்கமோ ஈரம் தெரிந்தால் நீடில் சரியாக உட்காரவில்லை. சொட்டு இல்லை என்று உறுதியான பின்பே பிளக் கேப்பை மாட்டுங்கள்.

சோதனை ஓட்டம் கூடக் கட்டாயமாகத் திறந்தவெளியில்தான். கதவு, ஜன்னல்களிலிருந்து 6 மீட்டருக்கு மேல் தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ இல்லை. ஷட்டரைத் திறந்துவைத்த கொட்டகைக்குள் இரண்டே நிமிடம் ஓட்டினால் என்ன என்று நினைத்துவிடாதீர்கள். இஞ்சின் சூடேறியதும் சோக்கை முழுவதும் திறந்து, லோடு இல்லாமலும் லோடுடனும் கேளுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தரும் சாதாரண ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்றிலும், 60 ஹெர்ட்ஸ் தருவது 3600 சுற்றிலும் ஓட வேண்டும். லோடு இல்லாதபோது சற்றுக் கூடுதலாக இருப்பது இயல்பு. இப்போதும் சிறிது ஏற்ற இறக்கம் இருந்தால் கேஸ்கெட்டுகளை மாற்றிப் பாருங்கள். உட்பாதையிலேயே வெண்பொடி அரித்துக் குழியாகியிருந்தால் அந்தக் கார்புரேட்டரோடு மல்லுக்கட்டாமல் மாற்றிவிடுவதே நல்லது. புதியது வாங்கும்போது இஞ்சின் மாடலோடு கம்பி மாட்டும் துளைகளும் ஜெட்டில் பொறித்த எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

இதே தொல்லை மறுபடி வராமலிருக்க, ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, காக்கை மூடி, இஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். அதன் பிறகும் பவுலின் அடியில் ஜெட் எட்டாத அளவுக்குக் கொஞ்சம் பெட்ரோல் நிற்கும். பிசினாவது அந்த மிச்சம்தான் என்பதால், வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து அதையும் இறக்குங்கள். அவசரத்துக்கு எப்போதும் தயாராக இருக்க வேண்டிய ஜெனரேட்டர் என்றால், புதிய பெட்ரோலில் ஃப்யூயல் ஸ்டெபிலைசரை அதன் குப்பியில் சொன்ன அளவில் கலந்து, அது பவுல் வரை சென்று சேரும்படி 10 நிமிடம் ஓட்டுங்கள். மாதம் ஒருமுறை லோடு கொடுத்து 20 நிமிடம் ஓட்டி வையுங்கள். ஸ்டெபிலைசர் புதிய பெட்ரோலைக் காக்குமே தவிர, கெட்டுப்போனதை மீட்டெடுக்காது. ஆகவே கேனில் வாங்கி வைக்கும் பெட்ரோலின் மீது வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள்.