வைப்பு வட்டி குறைந்த பின் என்ன செய்வது?

வணக்கம் ஐயா. ஓய்வுக்காலப் பணம் 40 இலட்சம் ரூபாவின் நிலையான வைப்பு முதிர்ந்துவிட்டது, வங்கி வட்டியோ மிகவும் குறைந்துவிட்டது, ஆகவே கூடுதல் வட்டி தரும் நிதி நிறுவனத்துக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதமாக இருந்ததை நினைத்துப் பாருங்கள். அன்று நாம் 20 வீதத்துக்கு மேற்பட்ட வட்டியை மகிழ்ந்து வாங்கினாலும், உண்மையில் விலையேற்றம் நம் வைப்புப் பணத்தின் மதிப்பையே தேய்த்துக்கொண்டிருந்தது. (நானும் அப்போது கணக்குப் பார்க்காமல் மகிழ்ந்தவன்தான்.) வட்டி வீதத்தை விலைவாசியோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

வைப்புக் காப்புறுதி (நிறுவனம் முறிந்தால் வைப்பாளருக்குக் கிடைக்கும் இழப்பீடு) ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரை மட்டுமே என்பதால், முழுத் தொகையையும் ஓரிடத்தில் வைக்காமல், மத்திய வங்கியின் உரிமம் பெற்ற வங்கிகள் சிலவற்றில் வெவ்வேறு முதிர்வுத் திகதிகளில் பிரித்து வையுங்கள். ஒரு பகுதியைத் திறைசேரி உண்டியல்களில் (அரசு குறுகிய காலத்துக்குக் கடன் பெற வெளியிடும் பத்திரங்கள்) இடலாம். ஆறு மாதச் செலவுக்கான பணம் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும். வீட்டிலுள்ள நகையை விற்கவும் வேண்டாம், ரூபா மீண்டும் சரியும் என்ற அச்சத்தில் புதிதாக வாங்கிக் குவிக்கவும் வேண்டாம்.